ஒவ்வாமைக்குப் பெயர் தந்த பிர்க்கே

சென்னையினின்றும் கடலோரமாகத் தெற்கு நோக்கி மாமல்லபுரம் செல்வார், முட்டுக்காட்டுக் கழியைக் கடந்தபின் கோவளம் என்னும் மீனவர் ஊரைக் காண்பர். இஞ்ஞான்று அலைமீது பலகை ஏறி விளையாடுவாரும் விடுமுறை கழிப்பாரும் அவ்வூரை நன்கறிவர். ஆயின், அஃது ஒரு காலத்தில் ஐரோப்பியர் பலர் விரும்பிய துறையாக விளங்கியதென்பதை அறிவார் சிலரே. 1722-ஆம் ஆண்டில் ஆஸ்திரியப் பேரரசர் ஆறாம் சார்லஸிடம் பட்டயம் பெற்ற ஒஸ்டெண்டுக் கம்பெனியார் வங்காளத்தில் ஒரு பண்டசாலையும் கோவளத்தில் ஒரு பண்டசாலையும் வைத்து வாணிகம் புரிந்தனர். பிற வல்லரசுகள் பொறாமையால் நெருக்கவே, பேரரசர் 1727-இல் அப்பட்டயத்தை நிறுத்திவைத்துச் சில ஆண்டுகளில் கம்பெனியையும் கலைத்துவிட்டார். பிறகு கர்நாடக நவாபும், பிரெஞ்சுக்காரரும், 1752-இல் கோட்டையைக் கைப்பற்றித் தகர்த்த கிளைவும் அவ்வூரின் வரலாற்றில் வந்து போயினர். அவ்வரலாறு ஈண்டு நமக்கு வேண்டுவதன்று.

வியன்னாவில் வீற்றிருந்த பேரரசரின் பெயரால் நம் செங்கற்பட்டுக் கடற்கரையில் நடந்த வாணிகம் சுவடின்றி மறைந்தது. ஆனால், அதே வியன்னாவில் பிறந்த ஒரு சொல், இன்று கோவளத்து மீனவர் குடிசைகளிலும் வழங்குகின்றது. இறால் தின்ற சிறுவனுக்கு உதடு வீங்கினாலும், முட்டை உண்ட மகவுக்கு உடலெங்கும் தடிப்பு எழுந்தாலும், அலர்ஜி என்று சொல்லித் தாய்மார் மருத்துவரிடம் எடுத்தோடுகின்றனர். தமிழில் அதனை ஒவ்வாமை என்கின்றோம். அச்சொல்லைப் படைத்தவர், வியன்னாவில் குழந்தை மருத்துவராயிருந்த கிளெமென்ஸ் பிர்க்கே என்பார். சொல்லை அறிந்தாருள் அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலரேயாதலின், அவர்தம் வரலாற்றைச் சிறிது விரித்துரைக்கப் புகுகின்றோம்.

பிர்க்கே 1874-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் வியன்னாவை அடுத்த ஹிர்ஷ்டெட்டன் என்னும் இடத்தில் தோன்றினார். அவர் குடும்பத்தின் பூர்விகம் லீஜ் நகரம். ஒஸ்டெண்டுத் துறைமுகமும் லீஜ் நகரமும் இன்று பெல்ஜியம் எனப்படும் ஒரே நாட்டில் அடங்கியவை. அவர் முன்னோருள் ஒருவர் ஆஸ்திரியப் படையில் தளபதியாகிப் பிரபுப் பட்டம் பெற்றார். தந்தையார் பீட்டர் நிலவுடைமையாளர், அரசியலிலும் ஈடுபட்டவர். தாயார் புளோரா வியன்னாவின் புகழ்பெற்ற செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். இளவலாகிய குய்டோ என்பார், வானவெளிக்கு ஏவுகணையிற் செல்லும் வழியைக் கணக்கிட்ட முன்னோடிகளுள் ஒருவராகப் பிற்காலத்தில் பெயர் பெற்றார்.

கிளெமென்ஸ் முதலில் குருவாகும் எண்ணத்துடன் இன்ஸ்புருக்கில் இறைநூல் பயின்றார். பின்னர் லூவேன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்று 1894-இல் பட்டம் பெற்றார். அதன்பின் மனம் மாறி மருத்துவத்திற் புகுந்து 1900-ஆம் ஆண்டில் கிராட்ஸ் நகரில் மருத்துவரானார். தத்துவப் பயிற்சி அவருக்கு வீணாகவில்லை. நோயாளியின் படுக்கையருகே நின்று, கண்ட பொருளுக்குக் காரணம் யாது, அதனை வேறு வகையிற் கொள்ள இயலுமா என்று வினவிக்கொண்டேயிருந்த இயல்பு அப்பயிற்சியால் விளைந்ததென்றே நமக்குத் தோன்றுகின்றது.

வியன்னாவில் புனித அன்னாள் பெயரால் அமைந்த குழந்தைகள் மருத்துவமனையில் அவர் பணி தொடங்கிற்று. 1902-ஆம் ஆண்டில் எஷெரிக் என்னும் பேராசிரியர் அங்குத் தலைவராக வந்தார். நம் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் நுண்ணுயிரைக் கண்டறிந்து, அதன் பெயரிலேயே தம் பெயர் நிலைக்கப்பெற்றவர் அவரே. அவர்கீழ் பிர்க்கேயுடன் பணிபுரிந்த மற்றோர் இளைஞர் பேலா ஷிக் என்பார். இவ்விருவரும் நண்பராகி ஒருங்கே ஆராய்ந்த சில ஆண்டுகள் மருத்துவ வரலாற்றில் சிறந்த ஆண்டுகளாயின.

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய், அஃதாவது டிப்தீரியா, குழந்தைகளைக் கொள்ளை கொண்டு வந்தது. நோய்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் குருதியினின்றும் எடுத்த சீரம் என்னும் ஊனீரைக் குழந்தைக்கு ஊசியால் செலுத்தும் மருத்துவம் அப்போது புதிதாக வந்திருந்தது. உயிர் காத்த அம்மருந்தே சில குழந்தைகளுக்கு வேறொரு துன்பம் தந்தது. ஊசி போட்ட எட்டு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலி, கழலை வீக்கம் ஆகியன தோன்றின. ஊனீரில் ஏதோ நஞ்சு கலந்துள்ளதென்றே பலர் கருதினர். பிர்க்கேயும் ஷிக்கும் நாள்களை எண்ணினர். முதன்முறை ஊசி பெற்ற குழந்தைக்குப் பத்து நாளளவில் வந்த துன்பம், சில வாரம் கழித்து மீண்டும் ஊசி பெற்ற குழந்தைக்கு அன்றே, அல்லது சில நாளிலேயே வந்துவிட்டது. ஊனீர் அதே ஊனீர்; அளவோ சில வேளை முன்னையினும் குறைவு. மாறியது யாது? குழந்தையின் உடல்!

இம்முடிபின் அருமையை நாம் நன்கு உணரல் வேண்டும். உடலில் தோன்றும் எதிர்ப்பொருள்கள் காவலர் போன்றன. அவை நன்மையே செய்யும் என்பது அந்நாளைய அறிஞர் கொள்கை. பிர்க்கே அவ்வாறு கொள்ளவில்லை. அயற்பொருள் புகுந்தபின் எதிர்ப்பொருள் உண்டாகச் சில நாள் செல்லும். அந்நாள்களே நோய் தோன்றுமுன் கழியும் இடைவெளி. புகுந்த பொருளும் எதிர்ப்பொருளும் கலக்குங்கால் நோய் பிறக்கின்றது. ஆதலின் காக்கும் கருவியே வருத்தவும் கூடும் என்று அவர் துணிந்தார். 1903-ஆம் ஆண்டில் இக்கருத்தை எழுதி முத்திரையிட்டு வியன்னா அறிவியற் கழகத்தில் ஒப்படைத்தார். 1905-இல் ஷிக்குடன் சேர்ந்து ஊனீர் நோய் பற்றிய நூலை வெளியிட்டார்.

அம்மை குத்துதலிலும் அவர் அதே முறைமையைக் கண்டார். நம் நாட்டார்க்கு அம்மைப்பால் புதிதன்று. கிண்டியில் உள்ள கிங் நிறுவனம் கன்றுகளின்வழி அம்மைப்பாலை ஆக்கி இராஜதானி முழுதும் அனுப்பி வந்தது; முதியோர் தோளில் அதன் தழும்பை இன்றும் காணலாம். முதன்முறை அம்மை குத்திய இடத்தில் கொப்புளம் எழப் பல நாள் ஆகும். சில ஆண்டு கழித்து மீண்டும் குத்தினாலோ, மறுநாளே சிறு தடிப்பு எழுந்து விரைவில் அடங்கும். பிர்க்கே நாள்தோறும் அத்தடிப்புகளை அளந்து வரைபடமாக்கினார். ஒருமுறை சந்தித்த பொருளை உடல் மறப்பதில்லை. மறுமுறை அதனிடம் அது நடந்துகொள்ளும் வகை வேறு. அவ்வேறுபாடு காவலாகவும் அமையும், கேடாகவும் அமையும். இவ்விரண்டையும் அடக்கும் பொதுச்சொல் ஒன்று வேண்டுமென்று எண்ணி, வேறு என்னும் பொருளுடைய அல்லோஸ், செயல் என்னும் பொருளுடைய எர்கோன் ஆகிய கிரேக்கச் சொற்களை இணைத்து, 1906-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மியூனிக் மருத்துவ வார இதழில் அலர்ஜி என்னும் சொல்லை அவர் வெளியிட்டார். ஆகவே அச்சொல்லின் முதற்பொருள் மாறிய செயல் என்பதேயாம். பிற்காலத்தார் அதனைக் கேட்டினை மட்டும் குறிக்கும்படி சுருக்கிவிட்டனர். இன்றோ, பிடிக்காத பாடத்தையும் பிடிக்காத உறவினரையும் அலர்ஜி என்று சொல்லும் அளவுக்கு அது தேய்ந்துவிட்டது.

அந்நாளிலேயே பாரிஸில் ரிஷே என்னும் பேரறிஞர் வேறு வழியிற் சென்று இவ்வுண்மையின் மறுபக்கத்தைக் கண்டிருந்தார். நீல நிறக் காற்றுப்பை போல மிதந்து வந்து, தொட்டாரைச் சுடும் ஒருவகைச் சொறியைக் கடலோரத்தார் அறிவர். 1901-இல் மொனாக்கோ இளவரசரின் கப்பலில் சென்றபோது ரிஷேயும் போர்த்தியே என்பாரும் அச்சொறியின் நஞ்சை ஆராயத் தொடங்கினர். பாரிஸுக்கு மீண்டபின் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தனர். முதல் ஊசியைத் தாங்கிய நாய், மூன்று வாரத்துக்கு மேற்பட்டு, மிகச் சிறிய இரண்டாம் ஊசியில் சில நிமிடங்களுள் மாண்டது. அதற்கு அனபிலாக்ஸிஸ் என்று ரிஷே பெயரிட்டார். 1913-இல் நோபல் பரிசும் பெற்றார். பலமுறை முன்மொழியப்பட்டும் பிர்க்கேக்கு அப்பரிசு வாய்க்கவில்லை. நாயின் இறப்பு எல்லார் கண்ணுக்கும் புலனாவது. வரைபடத்தில் நாள்களின் குறுக்கம் அவ்வாறு புலனாவதன்று. இதனை முறையன்று எனச் சொல்ல நாம் யார்? ஆயினும் சொல்லத் தோன்றுகின்றது.

1907-ஆம் ஆண்டில் பிர்க்கே செய்த காரியமே அவர் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. காசநோய்க் கிருமியினின்றும் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் வடித்தெடுத்த டியூபர்குலின், 1890-இல் நோய் தீர்க்கும் மருந்தென விளம்பப்பட்டுப் பெரும் ஏமாற்றமாய் முடிந்திருந்தது. மருந்தாக உதவாத அப்பொருளைப் பிர்க்கே அளவுகோலாக மாற்றினார். குழந்தையின் முன்கையில் அதன் துளியை இட்டுச் சிறு கருவியால் மேற்றோலை மட்டும் கீறுவார். காசக்கிருமியை முன்னர்ச் சந்தித்த உடலாயின் ஒரு நாள் இரு நாளில் அவ்விடத்துத் தடிப்பு எழும். சந்தியாத உடலாயின் ஒன்றும் எழாது. இவ்வாறு சோதித்தபோது, வியன்னாவின் ஏழைக் குழந்தைகளுள் வயது ஏற ஏறத் தடிப்புக் காண்பார் பெருகுவதும், வளர்ந்த பிள்ளைகளுள் பெரும்பாலார் அக்கிருமியை ஏற்கெனவே சந்தித்தவர் என்பதும் தெரிய வந்தன. அவர்களுள் நோயாளியாய்க் கிடந்தவர் சிலரே. தடிப்பு, உடலின் நினைவைக் காட்டுவதேயன்றி நோயைக் காட்டுவதன்று என்பதைப் பிர்க்கே தெளிவாக வற்புறுத்தினார்.

இந்நுட்பம் எத்துணைப் பெரிதென்பதை நம் மாவட்டமே பின்னர் உலகுக்கு உணர்த்திற்று. 1968 முதல் 1971 வரை, திருவள்ளூரை உள்ளடக்கிய அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில், பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியைப் பற்றிய பெருஞ்சோதனை தொடங்கப்பட்டது. இலட்சக்கணக்கான மக்களுக்குத் தோலிற் டியூபர்குலின் சோதனை செய்து ஊசியும் இட்டனர். பெரியோர்க்கு வரும் நுரையீரற் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்ற முடிவு வெளிவந்தபோது உலகமே வியந்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு பல கிருமிகளை அம்மக்களின் உடல்கள் முன்னரே சந்தித்து மாறியிருந்தமை அதற்குரிய காரணங்களுள் ஒன்றென அறிஞர் கருதினர்.

நிற்க. முட்டைக்கு வருவோம்.

பிர்க்கேயின் கீறற்சோதனையைக் காசநோயினின்றும் உணவுக்கு மாற்றியவர், நியூயார்க் நகரக் குழந்தை மருத்துவர் ஆஸ்கர் ஷ்லாஸ் என்பார். 1912-இல் அவர் வெளியிட்ட நோய்க்குறிப்பு ஒன்று நாம் படித்தறிதற்குரியது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன். பிறந்த பத்தாம் நாளில் வயிற்றுப்போக்குக்காக அவனுக்கு வாற்கோதுமைக் கஞ்சியில் முட்டை வெண்கருவைக் கலந்து கொடுத்தனர், ஒன்றும் நேரவில்லை. பதினான்காம் மாதத்தில் முட்டைத் துண்டு ஒன்றை வாயிலிட்டவுடன் அலறினான்; நாவும் வாயும் வீங்கின; உடலிற் தடிப்புகள் எழுந்தன. முட்டையோடு பாதாம் பருப்பும் ஓட்ஸ் தானியமும் அவனுக்கு ஒவ்வாதிருந்தன. ஷ்லாஸ் அவன் தோலைக் கீறிப் பல உணவுகளைத் தடவிப் பார்த்தார். ஒவ்வாத உணவு பட்ட இடத்தில் மட்டும் தடிப்பு எழுந்தது. முதற்சந்திப்பில் அமைதி, மறு சந்திப்பிற் கலகம் என்று பிர்க்கே குதிரை ஊனீரிற் கண்ட நெறி ஒரு கோழிமுட்டையில் அப்படியே விளங்கிற்று.

அதற்கும் முன்பாக, 1908-இல், ஷோபீல்டு என்னும் ஆங்கில மருத்துவர் முட்டை ஒவ்வாத பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, முட்டையின் பதினாயிரத்தில் ஒரு பங்கினின்று தொடங்கி, மாத்திரை வடிவில் அளவை மெல்ல மெல்ல உயர்த்தி, முடிவில் அவன் முட்டையை உண்ணும்படி செய்தார். மருத்துவமனைகளில் இன்று மிக்க எச்சரிக்கையுடன் நடைபெறும் சிகிச்சைக்கு அது முன்னோடி. வீட்டில் எவரும் செய்து பார்த்தற்குரியதன்று. சிலருக்குச் சிறுதுளியும் மூச்சை நிறுத்திவிடும்.

தோல் தடிக்கச் செய்யும் அப்பொருள் யாது? 1921-இல் பிரௌஸ்னிட்ஸ், கியூஸ்ட்னர் என்னும் இரு ஜெர்மானியர் அதனை ஆராய்ந்தனர். கியூஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. கோவளத்திற் பிறந்திருப்பின் என்ன பாடுபட்டிருப்பார்! அவர் குருதியினின்றும் எடுத்த ஊனீரைப் பிரௌஸ்னிட்ஸ் தம் தோலிற் செலுத்திக்கொண்டு, மறுநாள் அவ்விடத்தில் மீன் சாரத்தை ஏற்றினார். மீனுக்கு அஞ்சாத அவர் தோல் அவ்விடத்து மட்டும் தடித்தது. ஒவ்வாமை குருதியில் உள்ள ஒரு பொருளாற் பரவுவதென்பது தெளிந்தது. அப்பொருளைப் பிரித்தறிய மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. 1966, 1967-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும், ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிக் என்பாரும் தனித்தனியே அதனைக் கண்டனர். இம்யூனோகுளோபுலின் ஈ என்பது அதன் பெயர். தோலிலும் குடலிலும் மூச்சுக்குழலிலும் மாஸ்ட் செல்கள் என்னும் உயிரணுக்கள் உள. ஈ வகை எதிர்ப்பொருள் அவற்றின்மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தனக்குரிய புரதம் வந்து பற்றியதும் அவ்வுயிரணுக்கள் ஹிஸ்டமீன் முதலியவற்றைக் கொட்டிவிடும். அரிப்பும் வீக்கமும் மூச்சுத்திணறலும் அதன் விளைவுகள்.

முட்டையில் இவ்வாறு கலகம் விளைப்பவை பெரும்பாலும் வெண்கருவில் உள்ள புரதங்களே. வெண்கருப் புரதத்திற் பாதிக்கு மேற்பட்டது ஓவால்புமின். பத்தில் ஒரு பங்கினும் சிறிதே மிக்கது ஓவோமியூகாய்டு. அளவிற் சிறியதாகிய பின்னதே வலியது. ஓவால்புமின் நெருப்பிற்பட்டால் உருக்குலையும். ஓவோமியூகாய்டோ கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டமையாற் கொதிநீருக்கும் செரிமான நீருக்கும் எளிதில் இளகாது. முட்டை ஒவ்வாத குழந்தைகளுள் பத்துக்கு ஏழு பேரளவு, நெடுநேரம் மாவுடன் கலந்து சுட்ட பண்டத்தில் உள்ள முட்டையைத் தாங்குவதற்கும், எஞ்சியோர் அதனையும் தாங்காமைக்கும் இதுவே பெரிதும் காரணம். குழந்தைகளுட் பெரும்பாலார் வளர வளர இவ்வொவ்வாமையினின்றும் விடுபடுவர். ஓவோமியூகாய்டின்மீது எதிர்ப்பொருள் மிக்கார்க்கு அது நெடிது நிற்கும்.

இது பரம்பரையாக வருவதோ என்று தாய்மார் வினவுவர். முட்டை ஒவ்வாமை என்னும் நோய் அப்படியே தாயினின்றும் மகவுக்கு இறங்குவதில்லை; ஒவ்வாமைக்கு இடங்கொடுக்கும் உடல்வாகே இறங்குகின்றது. நிலக்கடலை ஒவ்வாதாரிடையே 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், ஒருகரு இரட்டையருள் ஒருவருக்கு அந்நோய் இருப்பின் நூற்றுக்கு 64 பேரளவில் மற்றவருக்கும் இருந்தது. இருகரு இரட்டையரிடத்து அது நூற்றுக்கு 7 பேரளவே. முட்டை முதலிய உணவு ஒவ்வாமைகளுக்கு இடந்தரும் மரபணுக்கள் பல. அயற்பொருளை இனங்காட்டும் எச்.எல்.ஏ. தொகுதி அவற்றுள் ஒன்று. 2017-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் சுட்டிய செர்பின்-பி தொகுதி மற்றொன்று. யாவற்றினும் நாம் கருதற்பாலது பிலாக்ரின் என்னும் புரதத்துக்குரிய மரபணு. மேற்றோலின் செங்கற்களை இறுக்கிப் பூசும் காரை போன்றது அப்புரதம். அம்மரபணு பழுதுற்றால் தோல் வறண்டு வெடித்துக் கரப்பான் நோய்க்கு இடமாகின்றது என்பது 2006-இல் அறியப்பட்டது.

கரப்பான் என்றவுடன் நம் பாட்டிமாரின் நினைவு வருகின்றது. கரப்பான் பண்டம் என்று ஒரு பட்டியலே அவர்கள் வைத்திருந்தனர். இதனை எழுதுவோனும் சிறு வயதிற் கரப்பான் கண்ட பிள்ளையாதலின், கத்தரிக்காயும் கருவாடும் முட்டையும் பிறர் இலையில் மட்டுமே பார்த்து வளர்ந்தான். தோல் நோய்க்கும் உணவுக்கும் தொடர்புண்டென்று கண்ட அம்மூதாட்டியரின் கூர்மை போற்றத்தக்கதே. ஆனால், அத்தொடர்பு அவர்கள் எண்ணிய திசையில் மட்டும் ஓடவில்லை. வெடித்த தோலின்வழி முட்டைத் துகள் புகுந்தால் உடல் அதனைப் பகையாகக் கற்கின்றது. வாயின்வழி குடலிற் புகுந்தால் பெரும்பாலும் உணவாகக் கற்கின்றது என்னும் கொள்கையை 2008-இல் இலண்டன் மருத்துவர் லாக் எடுத்துரைத்தார். ஜப்பானில் அதனைச் சோதித்துப் பார்த்தனர். கரப்பான் கண்ட குழந்தைகளுக்குத் தோலை மருந்தால் ஆற்றிக்கொண்டே, ஆறாம் மாதத்தினின்று வேகவைத்த முட்டைத்தூளை மிகச் சிறிய அளவில் ஊட்டினர். 2017-இல் வெளிவந்த முடிவின்படி, அவ்வாறு உண்டாருள் நூற்றுக்கு 8 பேருக்கே ஓராண்டு நிறைவில் முட்டை ஒவ்வாமை இருந்தது. முட்டை உண்ணாதாருள் நூற்றுக்கு 38 பேருக்கு இருந்தது. காக்கும் எண்ணத்துடன் முட்டையை நெடுநாள் விலக்கிவைத்தலே சிலருக்கு அந்நோயை வளர்த்ததாகலாம். கரப்பான் மிக்க குழந்தைக்கு முதல் முட்டையை மருத்துவரைக் கலந்தே ஊட்டல் வேண்டும் என்பதை மறவற்க.

தோற்சோதனையை மட்டும் நம்பி உணவை விலக்கலும் தவறாம். கர்நாடகத்தில் வயது வந்தோரிடையே நிகழ்ந்த ஆராய்ச்சியில், ஏதேனும் ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் உடையார் ஏறத்தாழ நான்கில் ஒருவர். உண்மையில் உணவால் துன்புறுவாரோ நூற்றுக்கு ஒருவரளவே. தடிப்பு நோயன்று என்ற பிர்க்கேயின் எச்சரிக்கை டியூபர்குலினுக்குப் போன்றே முட்டைக்கும் பொருந்துகின்றது.

மீண்டும் அவர் வாழ்வுக்கு வருவோம். புகழ் பெருகவே, அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதற் குழந்தை மருத்துவப் பேராசிரியராக அழைத்தது. அங்கு ஓராண்டளவே இருந்தார். 1910-இல் பிரெஸ்லாவிலும், எஷெரிக் மறைந்தபின் 1911-இல் வியன்னாவிலும் பேராசிரியரானார். வியன்னாவில் மருத்துவமனையின் கூரைமீதே திறந்தவெளிப் படுக்கைகள் அமைத்துக் காசநோய்க் குழந்தைகளைக் காற்றிலும் வெயிலிலும் கிடத்தினார்.

பின்னர் 1914-ஆம் ஆண்டுப் பெரும்போர் மூண்டது. போர் முடிந்தபோது வியன்னா பட்டினியால் வாடிற்று. அமெரிக்கர் அனுப்பிய உணவைக் குழந்தைகளுக்குப் பங்கிடும் பொறுப்பு பிர்க்கேயிடம் வந்தது. எவனுக்கு உணவு, எவனுக்கு இல்லை என்பதை எவ்வாறு முடிவு செய்வது? உட்கார்ந்த நிலையில் உயரத்தையும் உடல் எடையையும் அளந்து அவற்றினின்று ஓர் எண்ணைக் கணித்து, அதற்குப் பெலிடிசி என்று பெயரிட்டார். நூற்றுக்கு அணித்தாய் நிற்பின் நல்லூட்டம். இறங்க இறங்க வாட்டம். உணவை அளக்கவும் புது அளவு ஒன்றைக் கொண்டார். ஒரு கிராம் பால் தரும் வலிமையே ஒரு நெம். அக்கணக்கில் ஒரு கோழிமுட்டை நூறு நெம்மினும் சிறிது மிகும். இலட்சக்கணக்கான குழந்தைகள் அப்பந்தியில் உண்டனர். பிற்காலத்தில் நெம் கணக்கை அவர் அளவுக்கு மீறி வற்புறுத்தினார் என்று குறை சொல்வாருளர், அது நியாயமே. இன்று அதனை வழங்குவார் எவருமிலர். ஆயினும் பசித்த பிள்ளையை அளந்து ஊட்ட வேண்டுமென்ற எண்ணம் அழியவில்லை. 1982-இல் நம் மாநிலத்தில் விரிந்த சத்துணவுத் திட்டத்தில் 1989-இல் முட்டை சேர்ந்தது. 2010-இல் வாரம் ஐந்து முட்டையாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் தருகின்றனர். அவ்வரிசையில் நிற்போருள், வேண்டாமையால் உண்ணாதான் வேறு, ஒவ்வாமையால் உண்ணலாகாதான் வேறு என்பதைப் பரிமாறுவோர் அறிந்திருத்தல் உயிர்க்குறுதியாம்.

பிர்க்கேயின் பொது வாழ்வு ஓங்கிற்று. 1928-இல் ஆஸ்திரியக் குடியரசின் தலைவர் பதவிக்கும் அவர் பெயர் பேசப்பட்டது. இல்வாழ்வோ அவ்வாறன்று. 1904-இல் மரியா வான் ஹூசன் என்பாரைக் குடும்பத்தார் விருப்பத்துக்கு மாறாக மணந்தார். மனைவியார் நெடுநாள் நோயுற்றிருந்தார். அவர்களுக்கு மக்கட்பேறு இல்லை. ஆயிரமாயிரம் குழந்தைகளைத் தொட்டு அளந்த கைக்குத் தன்னதென ஒரு குழந்தை இல்லை. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 28-ஆம் நாள் கணவனும் மனைவியும் ஒருங்கே தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டனர். அவருக்கு அப்போது வயது ஐம்பத்து நான்கு. காரணம் தேடிப் பலர் பலவாறு எழுதியுள்ளனர். அத்துயரத்தை மேலும் துருவுதல் நமக்குத் தகுவதன்று.

ஷிக் 1923-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் சென்றுவிட்டார். தொண்டை அடைப்பானை முன்னறியும் தோற்சோதனையால் அவர் பெயரும் நிலைபெற்றது. தொண்ணூறு வயது வாழ்ந்து, 1967-ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். இளமையில் அவரும் பிர்க்கேயும் நாள் எண்ணித் தேடியது உடலில் மாறிய செயலின் காரணத்தை; அக்காரணங்களுள் ஒன்றாகிய ஈ வகை எதிர்ப்பொருள் அவர் கண்மூடுமுன்னரே கண்டறியப்பட்டிருந்தது.